மணலுக்கடியில் ஒரு சிங்கப்பூர்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ ஆறு மிச்சிகன் ஏரியில் கலக்கும் இடத்தில் சிங்கப்பூர் என்றொரு சிற்றூர் இருந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு மரம் அறுத்துப் பிழைத்த அந்த ஊர் இன்று மணல்மேடுகளுக்கு அடியில் கிடக்கிறது. சென்ற இதழில் அதைப் பற்றி வந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, விவரம் தெரிந்தவர்களிடம் பெற்ற பதில்களைத் தருகிறோம்.

கேள்வி: அமெரிக்காவில் உண்மையிலேயே சிங்கப்பூர் இருந்ததா? யார் உண்டாக்கியது, எவ்வளவு பெரிய ஊர்?

இருந்தது. 1836இல் நியூயார்க்கைச் சேர்ந்த நில வணிகர்கள், ஓஷியா வைல்டர் என்பவர் தலைமையில், அந்த ஊருக்கு மனை போட்டார்கள். அந்த நிலம் ஒடாவா, ஒஜிப்வே, பொட்டவாட்டமி ஆகிய பூர்வகுடிகளுடையது. 1821ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தம் வழியாக அது அமெரிக்க அரசின் கைக்குப் போனது. அரசு அளந்து விற்ற நிலத்தின் குறைந்தபட்ச விலை அப்போது ஏக்கருக்கு 1.25 டாலர். 1825இல் ஈரி கால்வாய் திறந்தபின் நியூயார்க்கிலிருந்து நீர்வழியாகவே பேரேரிகளுக்கு வந்துவிட முடிந்தது. அதனால் ஒவ்வொரு ஆற்று முகத்திலும் யாராவது ஒருவர் வருங்கால மாநகரத்தின் வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரை உண்டாக்கியவர்களின் கனவு, அது சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் போட்டியாக வளரும் என்பது.

ஊர் பிறந்த மறு ஆண்டே, 1837இல், நாடெங்கும் பணமுடை. அதே ஆண்டில் மிச்சிகன் இயற்றிய வங்கிச் சட்டத்தின்கீழ் யார் வேண்டுமானாலும் வங்கி தொடங்கி நோட்டு அச்சடிக்கலாம் என்றாகியிருந்தது. சிங்கப்பூரிலும் ஒரு வங்கி முளைத்தது. வங்கியின் பங்கு முதலில் 30 சதவீதம் பொன், வெள்ளி நாணயமாகக் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆய்வாளர் வரும் நாளில் ஒரே நாணயப் பெட்டியை வங்கிக்கு வங்கி மாற்றி வைத்துக் கணக்குக் காட்டியது மாநிலம் முழுக்க நடந்த மோசடி. அவ்வகை வங்கிகள் சில ஆண்டுகளுக்குள் கவிழ்ந்தன. சிங்கப்பூர் வங்கியும் நிற்கவில்லை.

மனைக் கனவு போனபின் மிஞ்சியது மரம். மூன்று மரம் அறுக்கும் ஆலைகள், இரண்டு ஹோட்டல்கள், சில பலசரக்குக் கடைகள் என்று ஊர் உச்சத்தில் இருந்தது. அதற்குத் தெற்கே, இன்று சாகட்டக் என்று பெயர் பெற்ற ஊர், அப்போது 'தி ஃப்ளாட்ஸ்' என்ற சின்னக் குடியிருப்பு. சிங்கப்பூரின் ஆலையைப் பிற்காலத்தில் நடத்திய பிரான்சிஸ் ஸ்டாக்பிரிட்ஜ் 1887இல் அமெரிக்க செனட் உறுப்பினரானார்.

கேள்வி: மரம் காட்டில் இருக்கிறது; ஆலையை ஏன் ஏரிக்கரையில் வைத்தார்கள்?

மரம் நடக்காது, மிதக்கும். மொத்தத் தொழிலும் அதை வைத்துத்தான் ஓடியது. காட்டில் வெட்டிய தடியை ஆறு கொண்டுவரும். ஆற்று முகம் அதைத் தேக்கி வைக்கும். அறுத்த பலகையை ஏரி சந்தைக்குக் கொண்டுபோகும். இந்த மூன்றும் கூடும் இடம் ஆற்று முகம் ஒன்றுதான்.

மிதப்பதிலும் எல்லா மரமும் ஒன்றல்ல. வெள்ளைப் பைன் பச்சையாக இருக்கும்போதே நீரைவிட வெகுவாக இலேசு. நேராக வளரும், மென்மையாக அறுபடும், காய்ந்தபின் முறுக்காது. மேப்பிள், பீச், ஓக் போன்றவற்றின் பச்சைத் தடி ஏறக்குறைய நீரின் எடையே இருப்பதால் பாதி வழியில் அமிழ்ந்துவிடும். அதனால்தான் அதே காட்டில் நின்ற கடின மரங்களுக்குப் பெரிய அளவில் கோடரி விழுந்தது ரயில் வந்தபிறகு.

வாங்குபவர் சிகாகோ. அதற்கு மேற்கே மரமில்லாத புல்வெளி, அங்கே குடியேறும் விவசாயிகள். 1848இல் இல்லினாய்–மிச்சிகன் கால்வாய் திறந்தபின் சிகாகோவில் இறங்கிய பலகை உள்நாட்டுக்கு நேராகப் போனது. கனத்த உத்தரங்களுக்குப் பதிலாக மெல்லிய சட்டங்களை ஆணியடித்து வீடு கட்டும் முறை பரவியதும் அளவாக அறுத்த சட்டத்துக்கு அடங்காத தேவை உண்டானது. 1870 வாக்கில் சிகாகோவுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி போர்டு அடி (மரத்தை அளக்கும் அலகு, விளக்கம் கீழே) மரம் வந்திறங்கியது.

ஏரிக்கரைக்கு ஒரு பெருந்தொல்லை உண்டு: ஆற்று முகத்து மணல்திட்டு. ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் அது இடம் மாறும். ஆழம் குறைந்தால் பாய்மரக் கப்பலைத் துறையில் முழுதும் ஏற்ற முடியாது. பாதிச் சுமையோடு திட்டைத் தாண்டவிட்டு, மீதியைத் தட்டைப் படகுகளில் கொண்டுபோய் வெளியே ஏற்ற வேண்டும். காற்று எழும்பினால் அதுவும் நடக்காது. கலமசூ ஆற்றின் வளைந்த பழைய வாயைக் கைவிட்டு, ஏரிக்கு நேரான புதுக் கால்வாயை வெட்டியது 1906இல். அதற்குள் சிங்கப்பூர் போய் முப்பது ஆண்டு ஆகியிருந்தது.

கேள்வி: நூறடிக்கு மேல் உயர்ந்த மரத்தை இயந்திரமில்லாத காலத்தில் எப்படி வெட்டி ஆலைக்குக் கொண்டுவந்தார்கள்? வரிசையாகச் சொல்ல முடியுமா?

இது குளிர்காலத் தொழில். இலையுதிர் காலத்தில் ஆட்கள் காட்டுக்குள் போய் முகாமிடுவார்கள். பனி உருகும்வரை அங்கேதான். 16 அடித் தடியைச் சேற்றிலும் வேரிலும் இழுத்தால் குதிரை செத்துப்போகும். உறைந்த தரையில் அதே தடி வழுக்கிக்கொண்டு வரும்.

மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில் முதலில் கோடரியால் வாய் வெட்டுவார்கள். ஆழம் விட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, அந்த வாயைவிடச் சற்று உயரத்தில், இருவர் இழுக்கும் நீள ரம்பம். இரண்டு வெட்டும் சந்திக்கக் கூடாது. நடுவில் அறுக்காமல் விடும் ஓரிரு அங்குலம்தான் கதவுக் கீல் போல நின்று மரத்தைச் சொன்ன திசையில் இறக்கும். மரம் ரம்பத்தை அழுத்திப் பிடிக்காமலிருக்கப் பின்னால் ஆப்பு அடித்துக்கொண்டே போக வேண்டும். பைன் பிசின் ரம்பத்தில் ஒட்டும். மண்ணெண்ணெய் தெளித்துக் கழுவுவார்கள். 1870கள் வரை மரம் சாய்ப்பது பெரும்பாலும் கோடரி வேலையாகவே இருந்தது. அறுபட்ட தூளை வெளியே வாரித்தள்ளும் தனிப்பற்களோடு ரம்பம் வந்தபிறகுதான் பச்சை மரத்தில் அது சிக்காமல் ஓடியது.

தவறுவது எங்கே? முன்வாய் போதாமல் பின்னால் அறுத்தால், சாயத் தொடங்கிய மரம் நீளவாக்கில் பிளந்து, அடிப்பகுதி பின்னோக்கி உதைக்கும். நிற்பவர் தப்புவது அரிது. இன்னொன்று, மேலே சிக்கி நிற்கும் பட்ட கிளை. மரம் அசைந்ததும் முதலில் விழுவது அதுதான். இவ்விரண்டும் கொன்ற ஆட்கள் ஏராளம்.

விழுந்த மரத்தைத் துண்டாக்கும்போது 16 அடி என்றால் சில அங்குலம் கூட்டியே வெட்ட வேண்டும். ஆற்றில் பாறைகளில் மோதி முனைகள் சிதையும். ஆலையில் அந்தச் சிதைவை வெட்டியெறிந்தபின் முழு 16 அடி மிஞ்ச வேண்டும்.

அடுத்து பனிப்பாதை. தண்ணீர்த்தொட்டி வைத்த சறுக்குவண்டியை இரவில் ஓட்டி, பாதை முழுக்க நீர் தெளித்து உறையவைப்பார்கள். வண்டிக்கால் ஓட இரண்டு பள்ளக்கோடுகள் செதுக்குவார்கள். சமதரையில் இரண்டு குதிரைகள் நம்ப முடியாத பாரத்தை இழுக்கும். இறக்கத்தில்தான் ஆபத்து. சுமை குதிரைகளை முந்திக்கொண்டு அவற்றின் மேலேயே ஏறிவிடும். அதைத் தடுக்க இறக்கம்தோறும் வைக்கோலோ மணலோ தூவுவதற்கென்றே ஓர் ஆள் நிற்பார். ஒரு வண்டி எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1893இல் மிச்சிகனின் ஒண்டனாகன் பகுதியில் சிகாகோ உலகக் கண்காட்சிக்காக ஏற்றிய பாரத்தைச் சொல்வார்கள்: 50 தடிகள், 36,055 போர்டு அடி. அது காட்சிக்காக ஏற்றியது. அன்றாடச் சுமை அதில் சிறு பங்குதான்.

தடிகளை ஆற்றங்கரையில் அடுக்கிவைத்துப் பனி உருகக் காத்திருப்பார்கள். நீர் ஏறியதும் ஆற்றில் உருட்டிவிட்டு, ஆணி பதித்த பூட்ஸோடு ஆட்கள் தடிகளின் மேலேயே ஓடுவார்கள். கையில் பீவி: கனத்த கழியின் நுனியில் இரும்பு முள்ளும் பக்கத்தில் மடங்கும் கொக்கியும். 1858இல் மேய்ன் மாநிலத்துக் கொல்லர் ஜோசப் பீவி செய்த வடிவம் அது. அதற்கு முன்பிருந்த கருவியில் கொக்கி தளர்வாகத் தொங்கி, தடியைப் பிடிக்காமல் பக்கவாட்டில் நழுவும். பீவியில் கொக்கி ஒரே தளத்தில் மட்டும் மேலும் கீழும் அசையும்படி இரும்புப் பட்டையில் மாட்டியது. இவ்வளவு சிறிய மாற்றம், ஒரு தனி ஆள் பெருந்தடியைப் புரட்டப் போதுமானதாயிற்று.

ஒரு தடி குறுக்கே மாட்டினால் பின்னால் வருவதெல்லாம் மேலேறி அடைபடும். சிக்கலின் மூலத்தடியைக் கண்டுபிடித்து எடுக்க வேண்டும்; அது நகர்ந்த கணத்தில் மொத்தமும் பாயும். நீர் குறைவான ஆண்டில் தடிகள் வழியிலேயே தங்கி, கோடையில் பூச்சியும் நீலக்கறையும் பிடித்துத் தரம் இறங்கும்.

கேள்வி: பனி பெய்யாவிட்டால்?

அந்த ஆண்டு தொழிலே கிடையாது. அதற்கு விடை தேடியதில்தான் இரண்டு புதுமைகள் வந்தன. ஏரிக்கரை ஊரான மனிஸ்டியில் சைலஸ் ஓவர்பேக் 1875 முதல் பெருஞ்சக்கர வண்டி செய்து விற்றார்: இரண்டே சக்கரம், விட்டம் 10 அடி வரை. அதன் நீள ஏர்க்காலை மேலே தூக்கினால் அச்சிலிருந்து சங்கிலி கீழே தொங்கும். அதைத் தடிகளில் சுற்றி, ஏர்க்காலைக் கீழே இழுத்தால் நெம்புகோலாக வேலை செய்து தடிகளின் முன்முனையைத் தரையிலிருந்து தூக்கிவிடும். பின்முனை தரையில் உரசி வரும். அந்த உரசல்தான் பிரேக். செங்குத்தான இறக்கத்தில் அது போதாது.

மற்றொன்று ரயில். வின்ஃபீல்ட் ஸ்காட் ஜெரிஷ் என்ற மர வியாபாரி, மிச்சிகனில் லேக் ஜார்ஜ் என்ற ஏரிக்கருகிலிருந்து மஸ்கீகன் ஆறு வரை இருப்புப்பாதை போட்டு 1877இல் ஓட்டினார். அந்தக் குளிர்காலத்தில் பனி வெகு குறைவு. மற்றவர்களின் தடிகள் காட்டிலேயே கிடக்க, அவருடையவை ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தன. அதைப் பார்த்தபின் எல்லோரும் ரயில் போடத் தொடங்கினார்கள். காடு தீர்ந்த வேகம் இரட்டித்ததற்கு இதுவே முதற்காரணம் என்பது எங்கள் கணிப்பு.

கேள்வி: ஒரே ஆற்றில் பல முதலாளிகளின் தடிகள் மிதந்தால் யாருடையது எது என்று எப்படித் தெரியும்?

முத்திரைச் சுத்தியல். அதன் முகத்தில் எழுத்தோ, நட்சத்திரமோ, வேறு உருவமோ புடைத்திருக்கும். தடியின் இரு முனைகளிலும் பல இடங்களில் அடிப்பார்கள். ஒரே இடத்தில் அடித்தால் மிதக்கும் தடி புரளும்போது குறி நீருக்கடியில் போய்விடும். சிலர் பட்டையிலும் கோடரியால் குறி வெட்டுவார்கள். மிச்சிகன் 1859இல் இந்தக் குறிகளைப் பதிவுசெய்யச் சட்டம் இயற்றியது. கவுண்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகங்களில் அந்தப் பதிவேடுகள் உண்டு. திருடுபவர் முனையில் ஓரங்குல வட்டை அறுத்தெறிந்துவிட்டுத் தன் முத்திரையை அடித்துக்கொள்வார். நீளம் குறைந்த தடியைக் கண்டால் சந்தேகப்பட்டது அதனால்தான்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் தடிகளைச் சங்கிலியால் கோத்த மிதவை வேலி போட்டு, நடுவே குறுகிய வாசல் விட்டு, ஒவ்வொன்றாகக் குறி பார்த்துப் பிரித்தார்கள். பெரிய ஆறுகளில் இதற்கென்றே கூட்டு நிறுவனங்கள் இருந்தன. 1864இல் தொடங்கிய டிட்டபவாசி பூம் கம்பெனி அவற்றில் ஒன்று.

கேள்வி: 'போர்டு அடி' என்றால் என்ன? பழைய கணக்குப் புத்தகங்களில் ஒரே தடிக்கு இருவேறு அளவு இருக்கிறதே, எது சரி?

12 அங்குலம் நீளம், 12 அங்குலம் அகலம், ஓரங்குலக் கனம்: இதுதான் ஒரு போர்டு அடி. 12 போர்டு அடி ஒரு கன அடி. பழைய ஏடுகளில் 'எம்' என்ற ரோமன் எழுத்து வந்தால் ஆயிரம் என்று படிக்க வேண்டும்.

பலகையை அளப்பது எளிது. தடியை அளப்பதில்தான் வம்பு. அதிலிருந்து எவ்வளவு பலகை வரும் என்று அறுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். சிறிய முனையில், பட்டையை விட்டு, விட்டத்தை அங்குலத்தில் அளந்து ஒரு வாய்ப்பாட்டைப் பார்ப்பார்கள். டாய்ல் வாய்ப்பாடு இது: விட்டத்திலிருந்து 4 கழித்து, வந்ததை 4ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, நீளத்தால் (அடியில்) பெருக்க வேண்டும். 16 அடித் தடிக்குக் கணக்கு இன்னும் சுருங்கும்: விட்டத்தில் 4 கழித்து வர்க்கமாக்கினால் போதும். 24 அங்குலத் தடிக்கு 20இன் வர்க்கம், 400 போர்டு அடி. 12 அங்குலத்துக்கு 64. 8 அங்குலத்துக்கு வெறும் 16.

ஸ்கிரிப்னர் என்ற இன்னொரு வாய்ப்பாடு வட்டத்துக்குள் பலகைகளை வரைந்து பார்த்து உருவாக்கியது. அதன்படி 24 அங்குலத் தடிக்கு 400ஐ ஒட்டியே வரும். ஆனால் 12 அங்குலத்துக்கு ஏறக்குறைய 80, 8 அங்குலத்துக்கு ஏறக்குறைய 30. அதாவது பெருந்தடியில் இரண்டும் ஒன்று. சிறு தடியில் டாய்ல் பாதியளவுதான் காட்டும். சிறு தடியை டாய்லில் வாங்கியவருக்கு, கணக்கில் வராத பலகை இலவசமாகக் கிடைத்தது. எது சரி என்பதைவிட, அளவுகோல் யார் கையில் இருந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பழைய ஏட்டைப் படிக்கும்போது எந்த வாய்ப்பாடு என்று தெரியாமல் மொத்தங்களை ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே போய்ச் சேர்வீர்கள்.

அளவு மனத்தில் நிற்க ஒரு கணக்கு: 2 லட்சம் போர்டு அடி சுமக்கும் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். 18 அங்குல, 16 அடித் தடி டாய்லில் 196. ஆக ஒரு கப்பலுக்கு ஆயிரத்துச் சொச்சம் தடி. மரத்துக்கு நான்கு தடி என்றால் 250 மரங்களுக்கு மேல், ஒரே பயணத்தில்.

கேள்வி: அந்தக்கால ஆலைக்குள் வேலை எப்படி நடந்தது? பழைய வீட்டுப் பலகையைப் பார்த்து எந்த ரம்பத்தில் அறுத்தது என்று சொல்ல முடியுமா?

முடியும். பலகையைச் சாய்வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறுக்கே ஒன்றுக்கொன்று இணையான, கொஞ்சம் சீரற்ற நேர்க்கோடுகள் தெரிந்தால் மேலும் கீழும் ஓடும் சட்டரம்பம். வளைந்த பிறைக்கோடுகள் தெரிந்தால் வட்ட ரம்பம். மிக நெருக்கமான, சீரான நேர்க்கோடுகள் பட்டை ரம்பத்துடையவை, அதாவது வளையமாக ஓடும் மெல்லிய இரும்புப் பட்டையில் பல் வெட்டியது. பெரிய ஆலைகளில் அது பரவியது 1880களிலிருந்து. ஆணியையும் சேர்த்துப் பாருங்கள்: தகட்டிலிருந்து வெட்டிய சதுர ஆணி பழையது, கம்பியாணி மிகுதியானது 1890களில். ஆனால் சட்டரம்பம் சிறிய ஆலைகளில் வெகுகாலம் ஓடியது. பழைய பலகையைப் பிரித்துப் புதுவீட்டில் போடுவதும் வழக்கம். அதனால் ஒரு பலகையை வைத்து வீட்டுக்கு வயது சொல்லிவிடக் கூடாது.

ஆலையில், குளத்திலிருந்து முடிவில்லாச் சங்கிலி தடியை மேலே இழுத்துவரும். குளத்தில் ஊறவிடுவது வெறும் சேமிப்பு அல்ல: மணல் கழுவப்படும், ரம்பப்பல் மழுங்காது, பூச்சியும் வெடிப்பும் அண்டாது. தடியை ஓடும் மேடையில் இறுக்கி, முன்னும் பின்னும் ஓட்டி ரம்பத்துக்குக் கொடுப்பார்கள். ஓரங்களை நேராக்க ஒரு ரம்பம், முனைகளை வெட்ட ஒன்று. பிறகு பலகைகளுக்கிடையே மெல்லிய குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்குவார்கள். குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக நிற்காவிட்டால் பலகை வளைந்தே காயும்.

ரம்பம் தின்னும் பருமன்தான் லாபநட்டம். வட்ட ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் அங்குலத்தில் 16இல் 5 பங்கு தின்றது என்றால், 12 அங்குலச் சதுரக் கட்டையில் ஓரங்குலப் பலகை 9தான் வரும். அங்குலத்தில் 8இல் ஒரு பங்கு தின்னும் பட்டை ரம்பத்தில் 10 வரும். மீதி தூள். தூளும் பக்கச்சிராய்களும் கொதிகலனில் எரிந்து ஆலையை ஓட்டின. எரித்து மாளாதவற்றைத் தண்ணீரில் கொட்டினார்கள். ஏரிக்கரை ஊர்கள் பலவற்றின் துறைமேடு இந்தக் கழிவால் நிரப்பியது. அது மீன்கள் முட்டையிடும் சரளைப்படுகையை மூடியது. தடிகள் உழுத ஆறுகள், நிழலிழந்து சூடான நீர், வரைமுறையில்லாத மீன்பிடிப்பு, புதிதாக விடப்பட்ட டிரவுட் மீன்கள் எல்லாம் சேர்ந்து, கிரேலிங் என்ற அழகிய மீனினம் 1936 வாக்கில் மிச்சிகனில் அற்றுப்போனது. அந்த மீனின் பெயரை வைத்துக்கொண்ட ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: தொழிலாளர் நிலை?

கடினமானது. முகாமில் விடியுமுன் எழுந்து, வெளிச்சம் போகும்வரை வேலை. பன்றியிறைச்சி உப்புக்கண்டம், அவரைப்பயறு, அப்பம், தேநீர். சாப்பிடும்போது பேசக்கூடாது என்பது எழுதாத சட்டம். சமையற்காரர் கூட்டத்தைச் சீக்கிரம் முடித்து அனுப்பவும், சண்டை மூளாமலிருக்கவும் அது வழி. கூலி பெரும்பாலும் பருவம் முடிந்தபின்தான் கைக்கு வரும். முகாம் கடையில் வாங்கிய புகையிலை, கையுறை, காலுறையெல்லாம் அதில் கழியும்.

ஆலைகளில் பத்து மணிக்கு மேற்பட்ட வேலைநாளை எதிர்த்து 1885 ஜூலையில் மிச்சிகனின் சாகினா பள்ளத்தாக்கில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 'பத்து மணி நேரம், இல்லையேல் மரத்தூள் இல்லை' என்பது முழக்கம். முதலாளிகள் தனியார் துப்பறிவாளர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். இந்த ஊர்களின் வரலாற்றை முதலாளிகளின் மாளிகைகளை வைத்து மட்டும் சொல்வது அநீதி.

கேள்வி: சிங்கப்பூர் 1871 தீயில் அழிந்தது என்று ஓரிடத்தில் படித்தேன். மணலில் புதைந்தது என்கிறீர்கள். எது உண்மை?

ஊர் எரியவில்லை. 1871 அக்டோபர் 8 அன்று ஒரே நாளில் சிகாகோ, விஸ்கான்சினின் பெஷ்டிகோ, மிச்சிகனின் மனிஸ்டி, சிங்கப்பூருக்கு வடக்கே பக்கத்திலிருந்த ஹாலந்து ஆகியவை எரிந்தன. பெஷ்டிகோவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெடிய வறட்சி, வெட்டிய இடமெங்கும் காய்ந்து கிடந்த கிளைகளும் சிராய்களும், அவற்றின் மேல் பலத்த தென்மேற்குக் காற்று. தீ அப்படிப் பரவியதற்கு மரவெட்டே எரிபொருளை அடுக்கி வைத்திருந்தது.

எரிந்த நகரங்களைத் திரும்பக் கட்டப் பலகை வேண்டும். சிங்கப்பூரைச் சுற்றி எஞ்சியிருந்த மரமும் அந்த வேகத்தில் போயிற்று. 1875 வாக்கில் அறுக்க எதுவும் இல்லை, ஆலை மூடப்பட்டது. மக்களில் பெரும்பாலோர் சாகட்டக்கில் குடியேறினார்கள், சிலர் வீடுகளையே பெயர்த்துக்கொண்டு.

மணல் வந்தது அதற்குமேல். ஏரியின் கிழக்குக் கரை மேற்குக் காற்றுக்கு நேரெதிரே இருக்கிறது. உலர்ந்த மணல்துகள் மணிக்கு 20 கி.மீ. அளவிலான காற்றிலேயே தத்தித் தத்தி நகரத் தொடங்கும். மணல்மேட்டுப் புல் புதையப் புதைய மேல்நோக்கி வளர்ந்து மணலைப் பிடித்துவைக்கும். அதற்குப் பின்னால் மரங்கள் காற்றை மட்டுப்படுத்தும். வண்டித்தடங்களும் வெட்டும் இந்த இரண்டையும் கிழித்தன. ஓரிடத்தில் பிளவு விழுந்தால் காற்று அதை அகழ்ந்துகொண்டே போகும். ஆட்கள் இருந்தவரை வாசலில் சேரும் மணலை வாரினார்கள். அவர்கள் போனதும் வாரவும் ஆளில்லை. கூரைவரை மணல் ஏறியும் ஒருவர் மாடி ஜன்னல் வழியாகப் போய்வந்து வசித்தார் என்ற கதை உண்டு. அதைக் கதையாகவே வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வேறுவழி இருந்ததா? வெட்டாமல் எப்படிப் பிழைத்திருப்பார்கள்?

வெட்டிக்கொண்டே பிழைத்தவர்கள் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறார்கள். விஸ்கான்சினில் மெனாமினி என்ற பூர்வகுடி மக்களுக்கு 1854, 1856 ஒப்பந்தங்களுக்குப் பின் மிஞ்சியது ஏறக்குறைய 2,35,000 ஏக்கர். முதிர்ந்தது, நோயுற்றது, விழுந்தது இவற்றை முதலில் எடுப்பது; ஓராண்டு வளர்ச்சிக்கு மேல் வெட்டாமலிருப்பது; ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது அடுத்த மரம் தயாராக இருப்பது: இந்த முறையில் இன்றுவரை 200 கோடி போர்டு அடிக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். 1854இல் நின்றதைவிட இன்று மரத்தின் கொள்ளளவு குறையவில்லை, கூடியிருக்கிறது. அதே பைன், அதே சந்தை. ஆலையைப் பெயர்த்துக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்க முடியாது, போக வேறு இடமில்லை. காட்டுக்குச் சொந்தக்காரர் அங்கேயே வாழ்கிறாரா என்பதுதான் இரண்டு ஊர்களின் கதையையும் பிரித்தது என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம்.

மிச்சிகனில் வெட்டிமுடித்த நிலத்துக்கு யாரும் வரி கட்டவில்லை. அது அரசிடமே திரும்பியது. 1903இல் ஹிகின்ஸ் ஏரிக்கரையில் நாற்றுப்பண்ணை தொடங்கினார்கள். 1933 முதல் 1942 வரை அரசின் இளைஞர் படை மிச்சிகனில் 48.4 கோடி மரக்கன்றுகள் நட்டது. அறுபடாத பழைய பைன்களைப் பார்க்க வேண்டுமானால் கிரேலிங் ஊருக்கருகே ஹார்ட்விக் பைன்ஸ் பூங்கா: 1927இல் கரேன் மைக்கேல்சன் ஹார்ட்விக் கணவர் நினைவாக அளித்தது. அந்தப் பழங்காட்டில் இன்று எஞ்சியிருப்பது 49 ஏக்கர்.

கேள்வி: ஏரியடியில் கிடக்கும் பழைய தடிகளை எடுக்கிறார்களாமே, மக்கியிருக்காதா?

குளிர்ந்த, உயிர்வளி குறைந்த நன்னீரில் மக்குவது மிக மெதுவாக நடக்கும். எடுத்தபின்தான் கெடும். அறுக்கும்வரை ஈரமாகவே வைத்து, முனைகளில் மெழுகு பூசி, நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் பிளந்துவிடும். ஏரிப்படுகை மாநில உடைமை. அனுமதியின்றி எடுப்பது குற்றம்.

கேள்வி: மிச்சிகனில் படிக்கிறேன். இப்படி மறைந்த ஓர் ஊரின் வரலாற்றைத் தொகுக்க எங்கிருந்து தொடங்குவது?

நிலத்திலிருந்து. அரசு நிலத்தை அளந்து சதுரங்களாகப் பிரித்தபோது இட்ட டவுன்ஷிப், செக்ஷன் எண்களில் ஊர் இருந்தது எது என்று முதலில் பிடியுங்கள்; ஒரு டவுன்ஷிப் 36 செக்ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அந்த எண் இருந்தால் அரசு நில அளவையாளரின் குறிப்பேட்டைப் படிக்கலாம். எல்லை மூலைகளில் அடையாளமாக நின்ற மரங்களின் இனமும் விட்டமும் அதில் இருக்கும். வெட்டுவதற்கு முன் காடு எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. முதலில் நிலம் வாங்கியவர் பெயரும் அதே எண்ணில் கிடைக்கும்.

அடுத்து, 1850, 1860, 1870 கணக்கெடுப்புகளில் மக்கள் பட்டியலோடு தனியாக உள்ள தொழிற்சாலைப் பட்டியல். ஆண்டுக்கு 500 டாலருக்கு மேல் உற்பத்தி செய்த ஒவ்வோர் ஆலைக்கும் முதலீடு, வாங்கிய தடி, ஆட்கள், கூலி, அறுத்த பலகை எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பலர் இதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். 1890 கணக்கெடுப்பைத் தேடி நாள்களை வீணாக்க வேண்டாம். 1921 தீவிபத்தில் அதில் பெரும்பகுதி கெட்டுப்போனது. அதற்கு 1884, 1894 மாநிலக் கணக்கெடுப்புகளில் எஞ்சியவை ஓரளவு ஈடு. தீக்காப்பீட்டு வரைபடங்கள் சிற்றூர்களுக்கு வருவது பெரும்பாலும் 1880களுக்குப் பின். அதற்கு முன்பே மறைந்த ஊருக்கு அவை உதவா.

முதியவர்களின் நினைவுக்குறிப்புகளைக் கடைசியில் படியுங்கள். சம்பவத்துக்கு ஐம்பது ஆண்டு கழித்து எழுதியவை அவற்றில் மிகுதி. ஆலைகளின் எண்ணிக்கையும் வெள்ளம் வந்த ஆண்டும் அவற்றில்தான் மாறும். களத்துக்குப் போனால் எதையும் தோண்டாதீர்கள். சிங்கப்பூர் இருந்த மணல்மேடுகளில் பெரும்பகுதி தனியார் நிலம். மிச்சிகனின் முக்கிய மணல்மேடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. சாகட்டக் ஊர்மன்றக் கட்டடத்தருகே உள்ள மாநில வரலாற்றுப் பலகையிலிருந்து தொடங்கி, அலகன் கவுண்ட்டி பத்திரப் பதிவேட்டுக்குப் போங்கள்.